எருமை ஏப்பம் பிடித்த வருஷம்

எனக்குக் கிடைத்த முதல் வேலை, எருமையின் ஏப்பத்தைப் பிடித்து வருவது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்கள் அவை. விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு மீஞ்சூரில் ஒரு வருஷம் வீட்டோடு கிடந்தேன். அப்புறம் கால்நடை ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் ஒப்பந்த உதவியாளர் வேலை வந்தது. ஆடுமாடுகள் அசைபோடும்போது வயிற்றிலிருந்து மீத்தேன் என்ற வாயு கிளம்பி ஏப்பத்தோடு வெளியே வருகிறது. அது காற்றில் சேர்ந்து பூமியின் சூட்டை ஏற்றுகிறது. எங்கள் பக்கத்து எருமைகள் ஒரு நாளைக்கு எவ்வளவு விடுகின்றன என்று அளந்து பார்க்க வேண்டும். இவ்வளவுதான் வேலை.

இதை அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுபோனது.

“பொண்ணு பாக்க வர்றவங்க கேட்டா இன்னான்னு சொல்றது? எங்க பொண்ணு எருமைக்குப் பின்னாடி பாட்டிலப் புடிச்சிக்கினு நிக்குதுன்னா?”

“பின்னாடி இல்லம்மா, முன்னாடி. அது ஏப்பத்துலதான் வருது.”

“முன்னாடி நின்னா மட்டும் மாப்பிள வந்துருவானா?”

அப்பா அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி இறக்கும் பிரிவில் இருந்தார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடிப்பில் ஒரு கறுப்புக் கோடு மிச்சம் இருக்கும். அவர் சாப்பிட்டுக்கொண்டே, “படிச்ச படிப்புக்கு வேல கெடச்சிக்கீது. போவட்டும் உடு” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

காலை மின்சார ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கும்மிடிப்பூண்டி. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. தொழிற்பேட்டையின் கடைசி மதில் முடிகிற இடத்தில் ஒரு ஏரி. ஏரியை ஒட்டி எனக்கு ஒதுக்கிய ஊர். ஆண்கள் பெரும்பாலும் இரும்பு உருட்டாலைகளில் ஷிப்டு வேலை. பெண்கள் எருமை வைத்திருந்தார்கள். ஆலை கேன்டீன்களுக்கும் டீக்கடைகளுக்கும் பால் அங்கிருந்துதான் போகும். எருமை நிறைய இருக்கிறது, வேலை சுலபம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் பால் வற்றிவிடும் என்றார்கள். இன்னொரு வீட்டில் கண் பட்டுவிடும் என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் உள்ளதைச் சொன்னார்: “இங்க எதையாச்சும் அளக்கணும்னு வந்தவங்க எல்லாம் கடைசில நெலத்தத்தான் அளந்தாங்க. நீ மாட்டுல ஆரம்பிக்கிற.” 

நான்காம் நாள், ஏரிக்கரையில் கடைசி வீடு. ஒரு பெண் கொட்டகையில் எருமையின் விலாவில் தலையை முட்டுக்கொடுத்துப் பால் கறந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“நாலு நாளா சுத்திக்கினு கீறியே, இன்னா விக்கிற?”

“எதுவும் விக்கலக்கா.”

“அப்ப இன்னா வாங்குற?”

“ஏப்பம்” என்றேன். களைப்பில் வாயில் வந்துவிட்டது.

கறப்பது நின்றது. திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் எருமை காலை மாற்றி வைத்தது. செம்பில் இருந்த பால் தளும்பியது. “மெர்சலாக்கிட்டியே. உள்ள வா, மொதல்ல டீ குடி.”

அப்படித்தான் அக்கா எனக்குப் பழக்கமானார். மகள் பொன்னேரியில் விடுதியில் தங்கிப் படித்தாள். கணவர் உருட்டாலையில் கேஸ் கட்டர். வாயுச் சுடரால் இரும்புத் தகடு வெட்டுகிற வேலை. கொட்டகையில் இரண்டு எருமைகள். ஒன்று சினை, இன்னொன்று கறவை. கறவைக்கு நெற்றியில் வெள்ளையாக ஒரு சுட்டி. அதனால் சுட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் கருவியைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. வீட்டுச் சாக்கடைக்குப் போடுகிற மாதிரி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய், எருமைக் கழுத்துக்கு ஏற்றபடி வளைத்தது, இரண்டு முனையும் அடைத்தது. உள்ளே இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு வால்வை மூடிக் கொண்டுவருவோம். எருமையின் மூக்குக்கு மேல் ஒரு பட்டை, பட்டையிலிருந்து கழுத்துக் குழாய்க்கு நூல் போல ஒரு கறுப்புக் குழாய். வால்வைத் திறந்துவிட்டால் அது விடுகிற மூச்சும் ஏப்பமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்ச் சேரும். மறுநாள் அதே நேரத்துக்கு அதைக் கழற்றி வேறொன்று மாட்ட வேண்டும். ஐந்து நாளுக்கு ஐந்து குழாய். இதற்கெல்லாம் முன்னால், விரல் அளவு பித்தளைக் குப்பி ஒன்றை எருமையின் வயிற்றுக்குள் இறக்க வேண்டும். அதிலிருந்து வேறொரு வாயு ஒரே அளவாகக் கசிந்துகொண்டே இருக்கும். அதை வைத்துத்தான் மீத்தேனைக் கணக்குப் போடுவோம்.

குப்பி விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது.

“அது எத்தினி நாளு வயித்துல இருக்கும்?”

“அது அங்கயே இருக்கும்க்கா. வலிக்காது. டாக்டர் வந்துதான் போடுவாரு.”

“காப்பர்-டி மாரின்னு சொல்லு” என்றார். “எனுக்குப் போட வந்தப்ப எவனும் இம்மாம் வெவரமா சொல்லல. செரி, போடு. ஆனா ஒண்ணு. அஞ்சு நாளுதான். அது பயந்துகினா அன்னிக்கே கயட்டிடணும்.”

ஒத்துக்கொண்டேன். கால்நடை மருத்துவர் வந்து குப்பியை இறக்கிவிட்டுப் போனார். மறுநாள் பட்டையும் குழாயும் எடுத்துக்கொண்டு நான் தனியாகப் போனேன். சுட்டிக்காரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை ஒரு சுழற்று சுழற்றியது. நான் சாணத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது தடவை பட்டை எருக்குழியில் விழுந்தது. மூன்றாவது தடவை போக எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா உள்ளே போய்ப் பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்தார். நீலத்தில் மஞ்சள் பூப் போட்டது; தினம் பால் கறக்கும்போது கட்டுவது. பால், புண்ணாக்கு, வியர்வை எல்லாம் கலந்து ஒரு மணம். “சுடிதாருக்கு மேலயே சுத்திக்க. அதுக்கு உன் மூஞ்சி தெரியாது. இது தெரியும்.”

சுற்றிக்கொண்டு போனேன். சுட்டிக்காரி முகர்ந்தது. பெரிய ஈர மூக்கைப் புடவையில் வைத்து இழுத்து ஒரு மூச்சு. அப்புறம் தலையைத் தாழ்த்தி என் கைக்குக் கொடுத்தது. பட்டையை மாட்டினேன். குழாயைக் கழுத்தில் போட்டுக் கட்டினேன். வால்வைத் திறந்தேன். அது பாட்டுக்கு வைக்கோலை மெல்ல ஆரம்பித்தது. அக்காவைப் பார்த்து இளித்தேன்.

அன்று முதல் கொடியில் அந்தப் புடவை எனக்காகத் தொங்கும். ரயிலை விட்டு இறங்கி வந்ததும் சுற்றிக்கொள்வேன். குழாயை மாற்றுவேன். அக்கா நாஷ்டா போடாமல் அனுப்பமாட்டார். முதலில் மேடம் என்று ஒரு நாள் கூப்பிட்டுப் பார்த்தார், வாயில் ஒட்டவில்லை. இரண்டாம் நாளே கண்ணு என்று ஆகிவிட்டேன்.

நாலாம் நாள் போனபோது கொட்டகையில் சினை எருமை ஒண்டியாக நின்றது. அக்கா ஏரிக்கரையில் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் மேய விட்டதாம். ஊர் எருமைகள் எல்லாம் திரும்பிவிட்டன, சுட்டிக்காரியைக் காணோம். கடுமையான கோடை. ஏரியில் நடுவில் மட்டும் கொஞ்சம் சேறு. எருமை முங்குவதற்கு ஒரு கை தண்ணீர்கூடக் கிடையாது.

வழக்கம்போல் புடவையைச் சுற்றிக்கொண்டு அக்காவோடு கிளம்பினேன். கரை நெடுக நடந்தோம். முள்காட்டுக்குள் புகுந்து பார்த்தோம். எனக்கு எருமையைவிடக் கழுத்துக் குழாய் மேல்தான் கவலை. அக்காவுக்கு எருமை மேல் மட்டும் கவலை. ஒரு மணி நேரம் கழித்து எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தினார்.

“நெத்தில சுட்டி போட்ட எருமையா? கம்பெனிக்குள்ள கீது. ஓடுங்க, போலீசு வந்துக்கீது.”

“எருமைக்கு இன்னாத்துக்குய்யா போலீசு?”

“அது கயுத்துல குண்டு கட்டிக்கீதாம்.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஓட ஆரம்பித்தேன்.

பக்கத்து ஆலையின் வாசலில் நூறு பேராவது நின்றார்கள். ஷிப்டில் இருந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பியிருந்தார்கள். இரும்புக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். அலுவலகத்துக்கு முன்னால் புல்வெளி, குரோட்டன்ஸ் செடி, நடுவில் அல்லிப்பூவுக்காகக் கட்டிய வட்டத் தொட்டி. அந்தத் தொட்டிக்குள் சுட்டிக்காரி உட்கார்ந்திருந்தது. கழுத்து வரைக்கும் தண்ணீர். வெள்ளைக் குழாய் தண்ணீருக்கு மேலே பளபளத்தது, கறுப்புக் குழாய் மூக்குக்குப் போயிருந்தது. கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் நூறடிக்கு ஒரு மனிதர் இல்லை.

மதிலில் எங்கோ இடிந்திருந்த சந்து வழியாகப் பச்சையையும் தண்ணீரையும் மோப்பம் பிடித்துப் போயிருக்கிறது. அந்த வெயிலில் யாராக இருந்தாலும் போயிருப்பார்கள்.

எஸ்.ஐ.யிடம் போய், “சார், அது குண்டு இல்ல, ஆராய்ச்சிக் கருவி. நான்தான் மாட்டினேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சுடிதாருக்கு மேல் பால் கறக்கிற புடவை. தலையில் முள். கணுக்கால் வரை சேறு. அடையாள அட்டை இருந்த பை அக்கா வீட்டில்.

“யாரும்மா நீ?”

“எம்.எஸ்ஸி. சார்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. “உள்ள இன்னா இருக்குது?”

“எருமையோட ஏப்பம் சார்.”

இதற்கு மேல் அவரைக் குறை சொல்ல முடியாது. “வண்டில ஏறி உக்காரு” என்றார்.

அதற்குள் அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு கதவருகே போய்விட்டார். காவலாளி தடுத்தார். அக்கா அவரோடு வாதாடவில்லை. கம்பி மேல் கை வைத்து உள்ளே பார்த்து, தினமும் பால் நேரத்துக்குக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார். “ப்போ… ப்போ… வாம்மா, வா வா வா.”

சுட்டிக்காரி கண்ணைத் திறந்தது. பொறுமையாக எழுந்து நின்றது. தண்ணீர் அருவி மாதிரி கொட்டியது. தொட்டியைத் தாண்டி, புல்வெளியைத் தாண்டி, கதவைப் பார்த்து நடந்து வந்தது. அது வர வரக் கூட்டம் பின்னால் போனது, பிறகு ஓடியது. இரண்டு கான்ஸ்டபிள்களும் ஓடினார்கள். எஸ்.ஐ. மட்டும் ஜீப்புக்குப் பின்னால் நின்றார். காவலாளி கதவைத் திறந்துவிட்டு ஓடினார். வெளியே வந்த எருமை நேராக அக்காவிடம் போய், ஈர முகத்தை அவர் வயிற்றில் தேய்த்தது.

“இத்தப் பாத்தா பயந்தீங்க?” என்றார் அக்கா, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

எஸ்.ஐ. அங்கிருந்தபடியே கத்தினார்: “அந்தக் கொழாயத் தொறந்து காட்டு!”

“தொறந்தா ஒரு நாள் வேல வீணாயிடும் சார்.”

“தொற!”

திறந்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். உள்ளே பாதி வெற்றிடம் அல்லவா, வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. அவ்வளவுதான். நேற்றிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்த்தது கும்மிடிப்பூண்டிக் காற்றோடு கலந்துபோனது. அக்காவுக்குக் கோபம்.

“நேத்துலேந்து இந்தப் பேஜார மாட்டிக்கினு என் மாடு சேத்து வெச்சது! ஒரே நிமிசத்துல உட்டுட்டீங்களே!”

எஸ்.ஐ. மெல்ல வெளியே வந்தார். குழாயை முகர்ந்து பார்த்தார். ஆலைக்குள் போய் எங்கள் திட்டத்தை நடத்திய பேராசிரியருக்குத் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்தபோது அவர் மீசைக்குக் கீழே சிரிப்பு ஒளிந்திருந்தது. ஆனாலும் என்னிடம் எழுதி வாங்கினார். “மேற்படி குழாயில் இருந்தது எருமையின் ஏப்பம் மட்டுமே என்றும், வேறு பொருள் எதுவும் இல்லை என்றும் உறுதி கூறுகிறேன்.” கீழே என் கையெழுத்து. சாட்சியாக அக்காவின் கையெழுத்து.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா எருமையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். இத்தோடு முடிந்தது, நாளைக்கு வராதே என்று சொல்லப்போகிறார் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். கொட்டகையில் எருமையைக் கட்டினார். தீனி வைத்தார். பிறகு என் பையிலிருந்து புதுக் குழாயை எடுத்து நீட்டினார்.

“மாட்டு. போன நாளுக்குப் பதிலா ஒரு நாள் ஜாஸ்தி எடுத்துக்க. ஆனா மேய வுட மாட்டேன். நானே புல்லு அறுத்துப் போடறேன்.”

அந்த வெயிலில் பச்சைப் புல்லுக்கு எங்கே போனாரோ தெரியாது. மறுநாள் காலை கொட்டகையில் ஒரு கட்டுப் புல் இருந்தது.

அக்கா கணவர் அன்றைக்கு ஷிப்டு முடிந்து வரும்வரை எனக்கு வேறொரு பயம். ஆலைகளுக்குள் செய்தி காற்றைவிட வேகமாகப் போகும். வந்ததும் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டு, “பூரா கம்பெனியும் என்னை குண்டு எருமைக்காரன்னு கூப்புடுது” என்றார். அதிகம் பேசாத மனிதர். கையெல்லாம் பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகத் தழும்பு. கழற்றி வைத்திருந்த பழைய குழாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வால்வைத் திருகிப் பார்த்தார். வால்வு அவருக்குத் தெரிந்த சாமான்.

“இதுல வர்ற கேஸு எரியுமாமா?”

“நெறைய சேந்தா எரியும்ணா. அடுப்பு கேஸ் மாதிரிதான்.”

“சாணிலயும் வரும்ல?”

“வரும். மூடி வெச்சா வரும்.”

“ம்” என்றார். எழுந்து போய் எருக்குழி ஓரமாக நின்றார். நான் ரயிலுக்குக் கிளம்பும்போதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு ஒதுக்கிய மற்ற வீடுகளும் இந்தச் சம்பவத்துக்குப் பிறகு தானாகத் திறந்துகொண்டன. போலீஸ் பார்த்து விட்ட எருமை என்றால் சும்மாவா? “எங்க மாட்டுக்கும் கட்டு” என்று கூப்பிட்டார்கள். நிலம் அளப்பதைச் சொன்ன பெரியவர்கூட ஒரு நாள் தன் எருமையைக் காட்டி, “இது அத்தவிட ஜாஸ்தி உடும், பாக்குறியா?” என்றார்.

ஒரு மத்தியானம் அக்கா என்னிடம் நேராகவே கேட்டார். இருவரும் புண்ணாக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தோம்.

“கண்ணு, உங்க நைனா எங்க வேல செய்றாரு?”

சொன்னேன்.

“அங்கேந்தும் பொகை வருதுல்ல?”

“வருதுக்கா. இதவிட எவ்வளவோ அதிகம்.”

“அப்பறம் என் மாட்டாண்ட இன்னா வந்த?”

இதைத்தான் நானும் பல நாள் ரயிலில் உட்கார்ந்து என்னையே கேட்டிருந்தேன். ஒரு பக்கம் அத்திப்பட்டுப் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் உருட்டாலைகள். இரண்டுக்கும் நடுவே மடியில் குழாய்களை வைத்துக்கொண்டு, இரண்டு எருமை வைத்திருக்கிற ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

“குத்தம் சொல்ல வரலக்கா. வெறும் வைக்கோல் தின்னா செரிக்கிறதுக்குள்ள ஏப்பம் நெறைய வருது, பால் கம்மியா வருது. நல்ல தீனி கெடச்சா, அதே ஏப்பத்துக்கு ரெண்டு பங்கு பால் வரும். அத அளந்து காட்டினாத்தான் தீனிக்கு ஏதாச்சும் வழி பண்ணுவாங்க.”

“நல்ல தீனி போட்டா பாலு வரும்னு சொல்றதுக்கு ஒரு எம்மெஸ்ஸி வேணுமா?” என்றார். கோபமில்லை. கையை உதறிவிட்டு மதில் பக்கம் காட்டினார். “தோ அந்த மதிலு கீதே, அங்கதான் இதுங்க ஆத்தாளுங்கல்லாம் மேஞ்சுது. வெயிலு வேற வருசா வருசம் ஏறிக்கினே போவுது. சித்திரைல ஒரு சொம்பு பாலு கொறஞ்சிருது. அத்த அளந்தியா?”

அளக்கவில்லை. எங்கள் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் குறிப்பேட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன். மூன்று மாதம் கழித்துப் பேராசிரியரிடம் காட்டியபோது, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். அடுத்த கட்டத்தில் கோடைப் பால் அளவும் தீனியும் சேர்ந்தன. சில வாரங்களுக்குத் திட்டத்தின் செலவில் கலப்புத் தீவன மூட்டைகள் அந்த ஊருக்கு வந்தன. அக்கா சொன்னது சரியாகவே இருந்தது. சுட்டிக்காரிக்குப் பால் கூடியது, ஒரு லிட்டர் பாலுக்கு ஏப்பம் குறைந்தது. பின்னர் மூட்டைகள் நின்றன. பழையபடி வைக்கோல்தான்.

“அதுக்கு நாக்குல ருசி காட்டிட்டீங்க” என்றார் அக்கா. அந்த வாரம் முழுக்க சுட்டிக்காரி வைக்கோலை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது. என்னால் அதன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அக்கா கணவர் எருக்குழி ஓரம் நின்றதை நான் மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை. சாண எரிவாயுக் கலன் பற்றிய கையேடு ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். வட்டார அலுவலகத்தில் அதற்கு மானிய விண்ணப்பம் இருந்தது. நான் நிரப்பினேன், அவர் கையெழுத்துப் போட்டார். விடுமுறை நாட்களில் ஒரு கொத்தனாரை வைத்துக் குழி கட்டினார். வாயு சேரச் சேர மேலே எழும்புகிற இரும்பு டிரம்மைக் கடையில் வாங்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு முதன்முறையாகச் சிரித்தார். “முப்பது பேருக்கு தகடு வெட்டித் தர்றேன். எனுக்கு ஒண்ணு வெட்டிக்க மாட்டேனா?” தகடு வாங்கிவந்து, வாசலில் உட்கார்ந்து அவரே வெட்டினார், அவரே வெல்டு வைத்தார். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

சாணமும் தண்ணீரும் கரைத்து ஊற்றியாயிற்று. இரண்டு வாரத்தில் டிரம் மெல்ல மேலே எழும்பியது. எனக்குத் தகவல் வந்தது. ஓடினேன். அடுப்பைத் திறந்து தீக்குச்சி வைத்தார். தீக்குச்சி அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. முதலில் வருகிற வாயு எரியாது, அதை வெளியே விட்டுவிட வேண்டும் என்று கையேட்டில் படித்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விட்டோம். டிரம் இறங்கியது. மறுபடி எழும்ப இன்னொரு வாரம். அதற்குள் மூடிப் பக்கம் ஒரு கசிவு. சோப்பு நுரை தடவிக் கண்டுபிடித்து வெல்டு வைத்து அடைத்தார்.

“சாணிய வெச்சி பலூன் உட்டுக்கினு கீறாரு” என்று அக்கா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். ஆனால் தினமும் காலையில் சாணத்தைக் கல், வைக்கோல் இல்லாமல் பொறுக்கிக் கரைத்து ஊற்றியது அவர்தான்.

டிரம் மறுபடி எழும்பிய ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது இருவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் வராமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்று அக்கா கணவர் சொல்லிவிட்டாராம். அக்கா தீக்குச்சியை என் கையில் கொடுத்தார். நான் அக்கா கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். எங்கள் ஆய்வில் சேராத வேலை இது. ஆனாலும் அந்த வருஷத்தில் நான் பட்ட படபடப்பு எல்லாம் சேர்ந்து அந்த ஒரு நிமிஷத்தில் இருந்தது.

அக்கா கணவர் குழாயைத் திருகினார். அக்கா தீக்குச்சியை நீட்டினார். பொப் என்று ஒரு சத்தம். அடுப்பைச் சுற்றி நீலமாக ஒரு வளையம், வெயிலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூட இல்லை. அக்கா உள்ளங்கையை அதன் மேலே பிடித்துப் பார்த்தார். சூடு தெரிந்ததும் கையை இழுத்துக்கொண்டு கணவரைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தார்.

“நாத்தமே இல்லியே” என்றார் அக்கா.

முதல் தோசை எனக்கு. இரண்டாவது அவருக்கு. மூன்றாவது தோசை பாதி வெந்துகொண்டிருந்தபோது வளையம் சுருங்கி, தத்தளித்து, அணைந்துவிட்டது. வெளியே டிரம் அடியில் போய் உட்கார்ந்திருந்தது.

மூவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். அக்கா தோசைக்கல்லை அப்படியே தூக்கிப் பக்கத்து விறகடுப்பில் வைத்து மீதியைச் சுட்டார். அவர் கணவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு வாளி கரைத்து ஊற்றப் போனார். நான் நாலு தோசை தின்றேன். பதினோரு மணி ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது, அக்கா டீ போட்டார்.